பின்பக்கம் பார்த்த தலைமையாசிரியர்

பழைய பட்டாளத்துத் தொப்பிச் சின்னத்தைக் கையில் கொடுத்தால், எந்தப் பட்டறையில் செய்தது என்று சொல்லிவிடக்கூடிய ஆள் வேலூரில் அமானுல்லா பாய் ஒருவர்தான். வயது நாற்பத்துமூன்று. அவரிடம் பாடம் கேட்ட வேதாசலமோ அறுபத்தாறு வயது முடிந்த, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஆலமரத்தடியில் இளைய குருவுக்கு முன்னால் கிழச் சீடர்கள் உட்காரவில்லையா, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருஷத்தில் வேதாசலம் நன்றாகவே தேறிவிட்டார். பின்னால் மாட்டுவதற்கு இருப்பது கொக்கியா, தகடா, பட்டறை முத்திரை எங்கே விழுந்திருக்கிறது, அச்சில் அடித்ததா, மணலில் வார்த்ததா, எல்லாம் அத்துப்படி. தெரிந்தால் போதுமா, நாலு பேருக்குச் சொல்லியாக வேண்டுமே. வாத்தியார் புத்தி எங்கே போகும்!

ஒருநாள் எதிர்வீட்டுக் கன்னியம்மா ஒரு சின்னத்தைக் கொண்டுவந்தாள். எழுபத்தொன்றில் சண்டைக்குப் போன அவள் அண்ணன் திரும்பவே இல்லை. கூட இருந்த சிப்பாய் ஒருவன் இதை மட்டும் கொண்டுவந்து கொடுத்தானாம். அன்றிலிருந்து அண்ணன் படத்துக்கு முன்னால் வைத்து, அமாவாசைக்கு அமாவாசை படைக்கிறாள். இது அண்ணனுடையதுதானா என்று மனசில் ஒரு சந்தேகம். பார்த்துச் சொல்லச் சொன்னாள்.

வேதாசலம் வாங்கின கையோடு திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். முத்திரை இல்லை. சொரசொரவென்று மணல் தடம்.

“இது பட்டாளத்துல குடுத்தது இல்லம்மா. யாரோ வார்த்த நகல்” என்றார்.

அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள்.

அடுத்த வாரம் இதைக் குருவிடம் பெருமையாகச் சொன்னார். பாய் இழுப்பறையைத் திறந்து ஒரு வார்ப்புச் சின்னத்தை எடுத்து வைத்தார். சின்னத்தைத் தொலைத்த சிப்பாய், தண்டனைக்குப் பயந்து, முகாமுக்குப் பக்கத்துக் கடைத்தெருவில் ஒன்று வார்த்து வாங்கி மாட்டிக்கொள்வது உண்டாம். இது ஒருவர் தலையில் பதினொரு வருஷம் இருந்தது என்றார்.

வேதாசலம் விழுந்தடித்து ஓடினார். கன்னியம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஊர்பேர் தெரியாத பொருளுக்கா இத்தனை வருஷம் படைத்தோம் என்று, பழைய பித்தளையோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டாளாம். கடையில் கேட்டால், அது அன்றைக்கே உருக்கப் போய்விட்டது. கன்னியம்மா ஒரு வார்த்தை கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தேவலை. உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்றாள். பாய் சொன்னதை அவளிடம் சொல்லாமலே திரும்பினார். பாவி ஆகிவிட்டேனே என்று வழியெல்லாம் நொந்துகொண்டார்.

மறுபடி குருவிடம் வந்து உட்கார்ந்தார்.

“நான் பார்த்ததுல என்ன தப்பு, பாய்?”

“தப்பே இல்ல சார். வார்ப்புதான். முன்பக்கம் எப்படி இருந்துச்சு?”

“முன்பக்கமா?”

“பட்டாளத்துக்காரர் தினம் காலையில அதைத் தேய்ச்சுத் துலக்குவார். போட்டிருந்தவர் கை அந்தப் பக்கத்துலதான் தெரியும். மழுங்கியிருந்துச்சா?”

வேதாசலம் கண்ணை மூடி யோசித்தார்.

“பார்க்கலையே பாய்.”

அமானுல்லா தலையைக் குனிந்துகொண்டார்.

“எப்படிப் பார்ப்பீங்க சார்? மூணு வருஷத்துல ஒருநாள்கூட நான் அந்தப் பக்கத்தை உங்களுக்குக் காட்டலையே.”