நடுவில் இருந்த படங்கள்

டாக்டர் வேதநாயகத்திடம் ஸ்கேன் படம் பார்க்கக் கற்றவர்கள் திருநெல்வேலியைச் சுற்றி நிறையப் பேர். அவருக்கே ஈரலில் புற்றுக்கட்டி வந்தபோது, படம் பார்க்கத் தன் மாணவி உமையாளைத்தான் கூப்பிட்டார்.

“என் கண்ணு எனக்குச் சாதகமாத்தான் பார்க்கும். நீ பாரும்மா.”

மருந்து ஏற ஏறக் கட்டி சுருங்கியது. அந்த ரிப்போர்ட்டை எழுதிவிட்டு உமையாள் சந்தோஷத்தில் அழுதாள். அதற்குப் பிறகு வந்த படங்களுக்கெல்லாம், ‘முந்தைய படத்திலிருந்து பெரிய மாற்றமில்லை’ என்று எழுதி முடித்தாள். புற்றுநோய் டாக்டர் அந்தக் கடைசி வரியைப் பார்த்துவிட்டு அதே மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார். முழு ரிப்போர்ட்டையும் படிக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

அந்த மருந்தால் வேதநாயகத்துக்கு வாயெல்லாம் புண். விரல் நுனி மரத்துப்போய், சட்டைப் பொத்தானைக்கூட மனைவிதான் போட்டுவிட வேண்டியிருந்தது.

இன்றைக்கும் அதே வரியை எழுதிவிட்டு உமையாள் கேட்டாள்.

“படத்துல மாற்றமே இல்ல சார். அப்புறம் ஏன் இப்படி இளைச்சுக்கிட்டே போறீங்க?”

நடிப்பில்லை. எழுதி எழுதி, அதை அவளே நம்பத் தொடங்கியிருந்தாள்.

“கட்டி சுருங்குனதுல இருந்து எல்லாப் படத்தையும் மாட்டு” என்றார்.

வெளிச்சப் பெட்டியில் வரிசையாக மாட்டினாள். தன் ஈரலை அவர் முதல்முறையாகப் பார்த்தார். பிறகு எழுந்து, நடுவில் இருந்த படங்களை மரத்த விரல்களால் உருவினார். ஒன்று கீழே விழுந்தது. கட்டி நன்றாகச் சுருங்கியிருந்த படமும் இன்றைய படமும் மட்டும் மிஞ்சின.

“இப்ப சொல்லு.”

அளந்து பார்க்கத் தேவையே இல்லை. கட்டி இரண்டு மடங்காகியிருந்தது.

“எதோட ஒப்பிடச் சொல்லிக் கொடுத்தேன்?”

“ரொம்பச் சின்னதா இருந்த படத்தோட.”

“நீ?”

“போன தடவை எடுத்ததோட.”

“ஏன்?”

“அதோட வச்சுப் பார்த்தா கொஞ்சந்தான் சார் கூடியிருந்துச்சு. கூடியிருக்குன்னு உங்ககிட்ட எப்படிச் சொல்றது...”

“வேற மருந்து இருந்துச்சும்மா.”

“இப்ப மாத்திரலாம் சார். இன்னைக்கே போன் பண்றேன்.”

“அதைத் தாங்குற உடம்பை இந்த மருந்து தின்னுருச்சே.”

உமையாள் கீழே கிடந்த படத்தை எடுக்கக் குனிந்தாள். நிமிரவில்லை.

“ஒவ்வொரு தடவையும் நீ கொஞ்சந்தான் மறைச்ச” என்றார் வேதநாயகம். “எனக்கு மொத்தமா வந்திருக்கு.”