கயிற்றின் இரண்டு முனைகள்

ஆழித்துறை அரசர் மானவல்லபருக்குக் கப்பல்கள் ஏராளம். ஆனால் அவற்றில் எதிலும் அவர் கால் வைத்ததை யாரும் பார்த்ததில்லை. ராஜாவுக்கு வேலை அதிகம் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

அரசி தேனார்மொழியால் அப்படி நினைக்க முடியவில்லை. கல்யாணத்தன்று அரசர் அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். ஒரு மாலைப் பொழுது, கப்பலில், இருவர் மட்டும், கடலில் நிலா எழுவதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் ஒரு தடை வந்தது. ஒரு வருடம் புயல் வரும் என்றார், வரவில்லை. அடுத்த வருடம் பல்வலி. இந்த வருடம் அரசி பெட்டிகளைக் கட்டி வைத்துவிட்டாள். இந்த நாளும் போனால் அண்ணன் வீட்டுக்குப் போவேன், கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

அரசர் கப்பல் தண்டலை அழைத்தார். கப்பலை நடத்துபவனை அந்தத் துறையில் தண்டல் என்பார்கள். இவன் பெயர் காத்தமுத்து. நடுக்கடலுக்குப் போக வேண்டும், கப்பலைச் சுற்றி விளக்கெரிய வேண்டும், சாப்பாடு சூடாக இருக்க வேண்டும், எங்கள் இருவரைத் தவிர யார் கண்ணும் அங்கே இருக்கக் கூடாது என்று அரசர் அடுக்கினார்.

காத்தமுத்து தலையைச் சொறிந்தான். பொழுது சாய்ந்தபின் துறைமுக வாயைத் தாண்டக் கூடாது, கப்பலில் நெருப்பு ஆகாது, ஆளில்லாமல் கப்பல் நகரக் கூடாது. எல்லாம் மகாராஜா போட்ட சட்டம்தான் என்றான். ஒரு கப்பல் தீப்பிடித்து எரிந்தபின் போட்ட சட்டம் அது.

"சட்டம் சட்டம்தானே," என்றார் அரசர். "ராணியிடம் நீயே சொல்லிவிடு."

அவருக்குக் கோபம் வரவில்லை. பெருமூச்சு வந்தது. தூணோரம் நின்ற மருதையன் அந்தப் பெருமூச்சைக் கவனித்தான். அவன் அவையில் இருந்தது சிரிக்க வைக்கத்தான் என்று பலர் எண்ணியிருந்தார்கள்.

"மகாராஜா, இந்த ஏற்பாட்டை என்னிடம் விடுங்கள். ஒரு சட்டமும் உடையாது."

"நான் கேட்டதில் ஒன்று குறைந்தாலும் ஏறமாட்டேன்," என்றார் அரசர் அவசரமாக.

மருதையன் நேரே துறைக்குப் போய், கப்பல் சட்டம் முழுவதையும் காத்தமுத்துவிடம் கேட்டுக்கொண்டான். கடைசிச் சட்டத்தை மறுபடி சொல்லச் சொன்னான். பிறகு அரண்மனைக்குத் திரும்பி, தாயே, உங்களுக்கு நீந்தத் தெரியுமா என்று அரசியிடம் கேட்டான். அவள் சிரித்தாள். ஆற்றங்கரையில் பிறந்தவள், வெள்ளத்திலேயே அக்கரைக்குப் போய் வந்தவள். அரசரிடம் அவன் அதைக் கேட்கவில்லை.

கல்யாண நாள் மாலையில் துறையில் ஊரே கூடிவிட்டது. அரசர் கப்பலைச் சுற்றிப் பார்த்தார். கப்பலில் ஒரு திரிகூட இல்லை. சற்றுத் தள்ளி, கப்பல் நிற்கப் போகும் இடத்தைச் சுற்றி, ஆளில்லாத கட்டுமரங்கள் வட்டமாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பானை விளக்கு. பலகாரம் கரையில் வெந்து, வைக்கோல் சுற்றிய பானைகளில் ஆவியோடு ஏறியிருந்தது.

"துடுப்புப் போடுகிறவர்கள் இருக்கிறார்களே?"

"இருக்கிறார்கள்," என்றான் மருதையன். "துடுப்புப் போடுகிறவன் பின்பக்கம் பார்த்துத்தான் உட்காருவான் மகாராஜா. நீங்கள் முன்னால் இருங்கள். அத்தனை பேர் முதுகும் உங்களுக்குக் காவல்."

"தண்டல்?"

"நங்கூரம் போட்டபின் கப்பல் நகர்கிறதா என்று கரை விளக்கைப் பார்ப்பது அவன் வேலை. கண்ணை எடுத்தால் அதுதான் குற்றம்."

"நடுக்கடல் என்றேன்."

"துறைமுக வாய்க்கு உள்ளேயே நிற்போம். முன்னால் உட்கார்ந்து பாருங்கள். கரை முதுகுக்குப் பின்னால். கண்ணுக்கு எட்டியவரை நடுக்கடல்தான்."

அப்போது காத்தமுத்து ஒரு கயிறும், கோத்த சுரைக்குடுக்கைகளும் எடுத்து வந்தான். கப்பலில் ஏறும் புதியவர் இடுப்பில், தண்ணீரில் விழுந்தால் மிதப்பதற்காக, குடுக்கை கட்ட வேண்டும். நீந்தத் தெரியாதவரை நீந்தத் தெரிந்தவரோடு ஒரே கயிற்றில் பிணைக்க வேண்டும். கடைசிச் சட்டம் அதுதான்.

"உங்கள் இருவரில் நீந்தத் தெரியாதவர்..." என்று ஆரம்பித்தான்.

அரசர் கூடியிருந்த ஊரைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் ஊர் சிரிக்கும். பொய் சொன்னால் கயிறு இல்லாமல் கடலில் இருக்க வேண்டும். திரும்பி நடந்தால் வீட்டில் பெட்டிகள் கட்டியபடி இருக்கின்றன.

மருதையன் குறுக்கே வந்தான். "அது உனக்கு எதற்கு அண்ணே? கயிற்றுக்கு இரண்டு முனை. ஒன்றில் தெரிந்தவர், ஒன்றில் தெரியாதவர். ஆளுக்கு ஒரு முனை கட்டிவிடு. யார் எந்த முனை என்று சட்டம் கேட்கிறதா?"

இல்லை என்றான் காத்தமுத்து. பாவம், ராணியம்மாவுக்குப் பயம் போலிருக்கிறது என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

அரசர் தன் முனையில் முடிச்சுப் போட்டார். ஒன்று போதாமல் அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் மூன்றாவது. தேனார்மொழி அந்த விரல்களைப் பார்த்தாள். வராத புயலும் பல்வலியும் அவளுக்கு இப்போது விளங்கின. அவர் கையை விலக்கிவிட்டு முடிச்சைத் தானே இறுக்கினாள்.

"இதைச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

அன்று நிலா தாமதமில்லாமல் எழுந்தது. கப்பலின் முன்னால் என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரை இறங்கியதும் காத்தமுத்து கயிற்றை அவிழ்க்க வந்தான். இருக்கட்டும் என்றார் அரசர். இருவரும் அப்படியே, குடுக்கைகள் குலுங்க, அரண்மனைக்கு நடந்தார்கள்.

மறுநாள் அவை கலைந்தபின் அரசர் மருதையனை நிறுத்தினார். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார்.

"நீங்கள் போட்ட சட்டத்துக்கே எதிராகக் கேட்டீர்கள். தண்டல் மறுத்ததும் உங்களுக்கு உயிர் வந்தது. மறுப்பு வேண்டும் என்றுதான் கேட்டீர்கள் என்று தெரிந்தது. கப்பலைக் கண்டு ஒருவர் ஏன் பயப்படுவார்?"

அரசர் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி அவன் கையில் வைத்தார். "இனி மறைப்பதில்லை. நாளை முதல் ராணி எனக்கு நீச்சல் சொல்லித் தரப் போகிறாள். அடுத்த கல்யாண நாளுக்குள் கற்றுக்கொண்டுவிடுவேன்."

மருதையன் மோதிரத்தைப் போட்டுக்கொண்டு, போவதுபோல் இரண்டடி வைத்துத் திரும்பினான்.

"அவசரப்படாதீர்கள் மகாராஜா. நீந்தக் கற்றுக்கொண்டால், சட்டப்படி கயிறு கிடையாது."

அரசர் சிரித்த சிரிப்பு அந்தப்புரம்வரை கேட்டது. நீச்சல் பாடம் மறுநாளே தொடங்கியது. ஆழித்துறையில் அவ்வளவு மெதுவாக நீச்சல் கற்றவர் வேறு யாரும் இல்லை.