மறைப்புக்கு எத்தனை அடி

உலகம்மாள் வியாழக்கிழமைகளில்தான் குடிலுக்குப் போவாள். பதினோரு வருஷ வழக்கம். அந்த வாரம் செவ்வாய்க்கிழமையே போய் நின்றாள்.

குடில் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கடனா நதிக் கரையில் ஓடு போட்ட ஒரே அறை. முன்னால் ஒரு வேப்பமரம். அங்கே இருந்தவர் பெயர் நல்லபெருமாள். வடக்கே சேலம் பக்கத்துக்காரர். மின்வாரியத்தில் கம்பம் ஏறும் வேலை பார்த்துவிட்டு, ஒருநாள் அதை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தவர். வயது நாற்பத்தாறு. உலகம்மாளுக்கு அறுபத்து நான்கு. அவள் அவரை ஐயா என்பாள். அவர் அவளை அம்மா என்பார். இதில் யார் குரு, யார் சிஷ்யை என்று இருவருக்கும் குழப்பம் வந்ததில்லை.

அவர் சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கம்மா."

"வீட்டுக்குப் பின்னால தோட்டத்துக்கு மறைப்பு வைக்கணும். எத்தனை அடி உயரம் வச்சா சரியா இருக்கும்?"

மூச்சைப் பற்றியும் சாவைப் பற்றியும் கேட்டுப் பழகியவளிடமிருந்து இப்படி ஒரு கேள்வி. நல்லபெருமாள் சிரிக்கவில்லை.

"எதை மறைக்கணும்?"

"தோட்டத்தை."

"தோட்டத்துல என்ன இருக்கு?"

"கத்தரி இருக்கு, வெண்டை இருக்கு. ஒரு முருங்கை, நாலு வாழை."

"வேற?"

உலகம்மாள் வேப்பமரத்தைப் பார்த்தாள். அவர் மறுபடி அரிசிக்குத் திரும்பினார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவள் கிளம்பினாள். வீட்டைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். உள்ளே அவள் கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் எழுந்திருப்பதற்குள் போய்விட வேண்டும்.

சிவசைலம் முப்பது வருஷம் தலைமையாசிரியராக இருந்தவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி. தெருமுனைக் கடைக்குப் போவதானாலும் தலை சீவிக்கொண்டுதான் போவார். அவர் நடந்து வந்தால் பெரிய ஆட்களே பீடியைக் கீழே போட்டு மிதிப்பார்கள். உலகம்மாளுக்கு ஊரில் இருந்த பெயரே 'சார் வீட்டம்மா'தான்.

மறதி நோய் மூன்று வருஷமாக அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. முதலில் பெயர்கள் போயின. பிறகு கிழமைகள். இந்தச் சித்திரையிலிருந்து அவர் உடம்பில் சட்டை தங்குவதில்லை. போட்டுவிட்டால் கழற்றிப் போடுவார். வேட்டியும் சில நாள் தங்காது. அரைக்கால் டிராயரோடு தோட்டத்தில் இறங்கி, கத்தரிச் செடிகளுக்கு முன்னால் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கூப்பிட்ட பெயருக்குக் காற்றில் செடி ஆடினால் தலையாட்டிவிட்டு அடுத்த செடிக்குப் போவார்.

தோட்டம் அவள் கண்ணுக்கு மட்டும் தெரிந்தவரை அதுவும் பழகித்தான் போயிருந்தது. அப்புறம் பக்கத்து வீட்டில் மாடி எடுத்தார்கள். இவள் தோட்டத்தைப் பார்த்து நீலச் சாயம் அடித்த ஒரு ஜன்னல் வைத்தார்கள். ஒருநாள் காலை அந்த ஜன்னலிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அந்த வீட்டு மருமகள் ஜெபக்கனியும் இன்னொரு பெண்ணும். கீழே சிவசைலம் டிராயரோடு நின்று, "இன்னைக்கு யார் யார் வரல?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

எதற்குச் சிரித்தார்களோ. உலகம்மாள் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவள் யாரையும் கேட்காமல் வேலையை ஆரம்பித்தாள். சவுக்குக் கம்பு நட்டு, பச்சை வலை கட்டினாள். எட்டடி உயரம். சாரல் காற்று வலையை ஊதித் தள்ளியது. அது விலகும்போதெல்லாம் நீல ஜன்னல் தெரிந்தது. ஜன்னல் தெரிகிறதென்றால் ஜன்னலுக்கும் நாம் தெரிகிறோம் என்று அவள் கணக்குப் போட்டாள்.

வியாழக்கிழமை குடிலில் எட்டுப் பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். உலகம்மாளால் முடியவில்லை. கண்ணைத் திறந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சார் வீட்டுச் சங்கதி இவர்களில் யாருக்காவது தெரிந்திருக்குமா? யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டபின், நல்லபெருமாளின் கண்ணும் திறந்திருப்பதைக் கண்டாள்.

எல்லோரும் போனபின் கேட்டாள். "வலை கட்டிட்டேன் ஐயா. எட்டடி. போதுமா?"

"நேத்து தூங்கினீங்களா?"

"இல்ல."

"அப்ப போதலை போல."

அவர் கேலி செய்கிறாரா, நிஜமாகச் சொல்கிறாரா என்று அவளுக்குப் புரியவில்லை. நிஜமாகவே எடுத்துக்கொண்டாள்.

தென்னை ஓலை முடைந்த தட்டிகள் வந்து இறங்கின. ஆளை வைத்துப் பன்னிரண்டு அடிக்குக் கட்டினாள். கட்டும்போது ஜெபக்கனி கீழே மதிலோரம் வந்து நின்றாள்.

"அத்த, எதுக்குத் தட்டியெல்லாம் கட்டுதீங்க?"

"காத்து ரொம்ப அடிக்கு. செடியெல்லாம் சாயுது."

"மாமா எப்படி இருக்காவ? கொஞ்ச நாளா குரலே கேக்கல."

"நல்லா இருக்காவ," என்று உலகம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குரல் கேட்கவில்லையாமே. அப்படியென்றால் இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த ஒரு சொல்லை ராத்திரி வரைக்கும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதன்பிறகு ஜெபக்கனியோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

தட்டி வந்தபின் தோட்டத்தில் பத்து மணி வரைக்கும் வெயில் எட்டிப் பார்க்கவில்லை. சிவசைலம் இறங்கி வந்து வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"மழை வரப் போகுதா?"

"இல்ல. நீங்க மெதுவாப் பேசுங்க."

"பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிரலாமா?"

"மெதுவா," என்றாள் உலகம்மாள், கண்ணை ஜன்னல் பக்கத்திலிருந்து எடுக்காமல்.

தட்டிக்கு மேலே இன்னும் ஜன்னலின் மேல்பாதி தெரிந்தது. யாராவது நிற்கிறார்களா என்று கீழேயிருந்து சரியாகத் தெரியவில்லை. ஓலையை விரலால் விலக்கி ஒரு கண் அளவுக்கு இடுக்கு வைத்துக்கொண்டாள். காலையில் பால் காய்ச்சும்போது ஒரு தடவை வந்து பார்ப்பாள். கறிக்கு அரிந்துகொண்டிருக்கும்போது ஜன்னல் தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் அரிவாள்மணையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வருவாள். காப்பி ஆறிப்போகும். அடுப்பில் பருப்பு அடிப்பிடிக்கும். ஜன்னல் எப்போது திறக்கிறது, எப்போது சாத்துகிறது, கொடியில் எந்தச் சேலை காய்கிறது எல்லாம் அவளுக்கு மனப்பாடம் ஆனது. ஒருநாள் ஜன்னல் சாயங்காலம் வரை திறக்கவே இல்லை. அன்றைக்குத்தான் அவளுக்குப் படபடப்பு அதிகமாக இருந்தது. மூடிய கதவுக்குப் பின்னால் நின்று பார்க்கிறார்களோ.

கடைசியில் பின்வாசலையே பூட்டினாள்.

சிவசைலம் கதவைத் தள்ளிப் பார்த்தார். தட்டினார். பிறகு இரண்டு கையாலும் அடித்தார்.

"யாரது பூட்டினது? பிள்ளைக வெளியே வெயில்ல நிக்குதுக."

"வெளியே யாரும் இல்ல. வந்து உக்காருங்க."

"நிக்குதுக. என்னைத் தேடுதுக."

"சத்தம் போடாதீங்க, உங்களைக் கும்பிடுதேன். பக்கத்துல கேக்கும்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். யாரோ ஒரு வெளியாளைப் பார்ப்பது போல. "நீங்க யார்கிட்ட அனுமதி வாங்கிப் பூட்டினீங்க, டீச்சர்?" என்று மரியாதையாகக் கேட்டார். அப்புறம் கதவுக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கும் மறுநாளும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஊட்டினாலும் இரண்டு வாய்க்கு மேல் வாங்கவில்லை.

மூன்றாம் நாள் உலகம்மாள் பூட்டைத் திறந்துவிட்டாள். அவர் தூங்கிய நேரம் பார்த்து வாசலைச் சாத்திக்கொண்டு குடிலுக்கு ஓடினாள். செருப்புக்கூடப் போடவில்லை.

"ஐயா, நீங்க ஒரு தடவை வரணும்."

"எங்கம்மா?"

"பக்கத்து வீட்டு மாடிக்கு. எனக்குக் கேக்க வாய் வரல, அவுககூடப் பேசி ரொம்ப நாளாச்சு. நீங்க கேட்டா விடுவாவ. மேல அந்த ஜன்னல்ல நின்னு பாத்து, எங்க வரைக்கும் தெரியுதுன்னு சொல்லிட்டா, அந்த அளவுக்குத் தட்டியை ஏத்திருவேன். அத்தோட எனக்கு நிம்மதி. ராத்திரி தூங்கிருவேன்."

"ஏன் மறைக்கணும்னு இன்னும் நீங்க சொல்லலையே."

உலகம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சொன்னாள். சட்டையைச் சொன்னாள், டிராயரைச் சொன்னாள், கத்தரிச் செடிகளைக் கூப்பிடும் பெயர்களைச் சொன்னாள், சிரிப்பைச் சொன்னாள். "ஊரே எந்திரிச்சு நின்ன மனுசன் ஐயா. அவுகளை யாரும் இப்படிப் பாக்கக் கூடாது. அவுக நல்லா இருந்தா அவுகளே இதைத்தான் சொல்லுவாவ."

நல்லபெருமாள் எல்லாவற்றையும் கேட்டார்.

"நாளைக்குக் காலையில வரேன்," என்றார்.

மறுநாள் பத்து மணிக்கு அவர் சைக்கிளில் வந்து இறங்கினார். உலகம்மாள் வீட்டுக்குள் வரவில்லை. நேராகப் பக்கத்து வீட்டு வாசலில் நின்று ஏதோ சொன்னார். ஜெபக்கனி ஒதுங்கி வழிவிட்டாள்.

உலகம்மாள் பின்வாசல் வழியாகத் தோட்டத்துக்கு ஓடி வந்து நடுவில் நின்றாள். சிவசைலம் ஏற்கெனவே அங்கேதான் இருந்தார், இடுப்பில் டிராயர் மட்டும். இன்றைக்கு மட்டும் இருக்கட்டும், இப்போது தெரிந்துவிடும் என்று விட்டுவிட்டாள்.

நீல ஜன்னலில் நல்லபெருமாளின் தலை தெரிந்தது.

"ஐயா, தெரியுதா?"

அவர் இரண்டு கையையும் ஜன்னல் கம்பியில் வைத்துக்கொண்டு கீழே பார்த்தார்.

உலகம்மாள் இரண்டடி தள்ளி வாழைப் பக்கம் நின்றாள். "இங்க நின்னா?"

முருங்கையின் தூருக்குப் போனாள். அங்கிருந்து கத்தரிப் பாத்திக்கு வந்தாள். அவர் ஏன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்? அவ்வளவும் தெரிகிறதா? அவர் பார்வை எங்கே இருக்கிறது என்று பார்க்கக் கையை நெற்றியில் வைத்து அண்ணாந்தாள். முழங்கையில் ஏதோ உரசியது. உதறிவிட்டாள்.

"ஓலைக்கு மேல தலை மட்டும் தெரியுதா? இடுப்பு வரைக்குமா? சொல்லுங்க ஐயா."

நல்லபெருமாள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஜன்னலைவிட்டுப் போனார்.

உலகம்மாள் வீட்டுக்குள் புகுந்து வாசலுக்கு விரைந்தாள். அவர் சைக்கிள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"தெரியுதா ஐயா?"

"தெரியுதும்மா."

"எவ்வளவு?"

"எல்லாம் தெரியுது."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அவ பாக்குதாளா?"

"பாக்கறாங்க. ஜன்னல் இருந்தா பாக்கத்தான் செய்வாங்க. நானும் பாத்தேன்."

"இன்னும் எத்தனை அடி ஏத்தணும்?"

அவர் சைக்கிள் கைப்பிடியைப் பிடித்தார்.

"என்ன தெரிஞ்சுது? பரவால்ல, அப்படியே சொல்லுங்க. எவ்வளவு அசிங்கமா இருந்தாலும் சொல்லுங்க."

நல்லபெருமாள் சைக்கிள் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார்.

"ஒரு அம்மா தோட்டத்து நடுவுல நின்னு ஜன்னலையே பாத்துக்கிட்டிருந்தாங்க. அவங்களுக்குப் பின்னால ஒருத்தர் வெண்டைச் செடிகிட்டக் குனிஞ்சு ரொம்ப நேரம் தேடினார். முத்தினதையெல்லாம் விட்டுட்டு, பிஞ்சா ஒண்ணு பாத்துப் பறிச்சார். அந்த அம்மாகிட்டக் கொண்டுவந்து நீட்டினார். அவங்க திரும்பல. அவங்க நகர்ந்தா அவரும் பின்னாலயே போனார். முழங்கையைத் தொட்டு இன்னொரு தடவை நீட்டினார். கையை உதறிவிட்டாங்க."

உலகம்மாள் தன் முழங்கையைப் பார்த்தாள்.

"அப்புறம் அதைச் சட்டைப் பையில போட்டுக்கப் பாத்தார். சட்டை இல்லைங்கறது அவருக்குத் தெரியல. நெஞ்சுல பையைத் தேடித் தேடித் தடவினார்."

"இப்ப?" என்றாள் உலகம்மாள்.

"இன்னும் கையிலதான் வச்சிருக்கார்."