மணிக்கூண்டடியில் ஐந்து பேர்

“எலக்ட்ரான் எங்க இருக்கும்னு கணக்குப் போட்டுச் சொல்றீங்க. ஒரு ஆள் எங்க இருக்கான்னு சொல்ல முடியுமா, டீச்சர்?”

டீச்சர் வீட்டுக்குள் வந்தும் உட்காராமல் கேட்டார் மாசிலாமணி.

இயற்பியல் சொல்லித்தரும் நிலோபர் டீச்சருக்கு வயது முப்பத்திரண்டு. மாசிலாமணிக்கு அறுபத்தாறு. குரு அவள், சீடர் அவர். தோல் தொழிலாளர் சங்கத்தில் நாற்பது வருடம் கொடி பிடித்தவர். பள்ளிக்கூடம் தராத படிப்பைத் துண்டறிக்கைகளில் படித்தவர். அப்படி ஒரு துண்டறிக்கையில், அணுவுக்குள்ளே எல்லாம் வாய்ப்புதான் என்று எவனோ எழுதியிருந்தான். அது மெய்யா பொய்யா என்று தெரியாமல் சாகமாட்டேன் என்று அவளிடம் வந்து சேர்ந்தார்.

“யாரைக் காணோம், தோழர்?”

“அக்கா மகன் ஜெயசீலன். நேத்துக் காலையில கம்பெனி வாசல்ல நோட்டீஸ் குடுத்துட்டு இருந்தவனை போலீஸ் ஜீப்புல ஏத்திட்டாங்க. வடக்கு ஸ்டேஷன்ல கேட்டா இங்க இல்லைங்கறான். தெற்கு ஸ்டேஷன்ல கேட்டா இங்க இல்லைங்கறான். ஊர்ல இருக்கறதே ரெண்டு ஸ்டேஷன். கைதுன்னு எழுத்துல ஏறாத ஆளை என்ன வேணாலும் பண்ணுவாங்க. முப்பது மணி நேரம் ஆச்சு.”

கைகளை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“சும்மா இருப்பேனா? அஞ்சு பேரை மணிக்கூண்டுகிட்ட நிறுத்தியிருக்கேன். ரெண்டு ஸ்டேஷனுக்கும் சரி நடு. எந்தப் பக்கம் தகவல் வந்தாலும் பத்து நிமிஷத்துல போயிடலாம். நானும் காலையிலேர்ந்து அங்கதான் நின்னேன்.”

டீச்சர் சாக்பீஸை எடுத்து நீட்டினாள்.

“போன வாரக் கணக்கைப் போடுங்க.”

“இப்பவா? உங்களுக்கு ஈவிரக்கம் இருக்கா?”

“போடுங்க.”

ஏசிக்கொண்டே போட்டார்.

இரண்டு சுவர். நடுவே அடைபட்ட ஓர் எலக்ட்ரான், அதன் இரண்டாம் ஆற்றல் நிலையில். இடது சுவரடியிலிருந்து கோடு எழுந்து ஒரு மேடு. இறங்கி நடுவில் ஒரு பள்ளம். மறுபடி ஒரு மேடு. கோடு எங்கே உயரமோ, எலக்ட்ரான் அங்கே அகப்பட வாய்ப்பு அதிகம்.

“பெரும்பாலும் எங்க அகப்படும்?”

“கோட்டோட சரிவு எங்க பூஜ்யமோ, அங்க.” சரி நடுவில் ஒரு புள்ளி குத்தினார். “இதோ. சராசரி எடுத்துப் பார்த்தாலும் இங்கதான் வருது. ரெண்டு வழியிலயும் ஒரே விடை.”

அந்த நிலைமையிலும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

“அங்க கோடு எவ்வளவு உயரம்?”

பார்த்தார். அந்த இடத்தில் கோடு தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

“பூஜ்யம்.”

“உச்சியிலயும் சரிவு இல்லை. பள்ளத்து அடியிலயும் சரிவு இல்லை. நீங்க பள்ளத்துல நிக்கறீங்க.”

“அப்போ சராசரி?”

“சராசரி நடுவுலதான். எலக்ட்ரான் அங்க இல்லை. ஆயிரம் தடவை தேடினாலும் அந்தப் புள்ளியில அகப்படாது.”

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது. “மேடு ரெண்டு இருக்கே. எந்த மேடுன்னு உங்க கணக்கு சொல்லுமா?”

“சொல்லாது. பார்த்தாத்தான் தெரியும்.” டீச்சர் கையில் ஒட்டிய சாக்பீஸ் பொடியைத் தட்டினாள். “ஸ்டேஷன்ல கேட்டேன்னு சொன்னீங்களே. நேர்ல போயா?”

மாசிலாமணி கரும்பலகையையே பார்த்தார்.

போலீஸ் பிடித்துக்கொண்டு போன ஆளை உடனே நேரில் போய் முகம் பார்க்க வேண்டும், பார்க்கிற கண் இருந்தால்தான் அடிக்கிற கை யோசிக்கும். கம்பெனி வாசல் கூட்டங்களில் முப்பது வருடமாக இதைப் பேசியவர் அவர்தான். சங்கத்தில் சேருகிற எவனுக்கும் அதுதான் முதல் பாடம். ஜெயசீலனுக்கும்.

“போன்ல கேட்டேன்.”

“ஏன்?”

“நான் போய் நின்னா கலவரம் பண்ண வந்தான்னு எழுதுவாங்க. பையனுக்கு மேல ரெண்டு அடி விழும். அதான்…”

டீச்சர் அவர் கையிலிருந்து சாக்பீஸை வாங்கிவைத்தாள்.

“பயமா இருந்துச்சு,” என்றார்.

“மணிக்கூண்டுகிட்ட பயமா இல்லையா?”

“அங்க என்ன இருக்கு, டீச்சர்? ஒண்ணுமே இல்லை. ஒரு டீக்கடை.”

சொன்னவர் கரும்பலகையில் தான் குத்திய புள்ளியைப் பார்த்தார்.

டீச்சர் துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுச் சாவியைத் தேடி எடுத்தாள்.

“வடக்கே நான் போறேன், தோழர்.”

செருப்பைக்கூட மாட்டாமல் அவர் தெற்கே பாதித் தெரு போயிருந்தார்.