பறந்தவன் சட்டை

இஸ்திரி போடும் பூங்காவனத்துக்கு வாய்தான் எதிரி. 'பறக்கும்' பிரேம்நாத் மாடிவிட்டு மாடி தாவிய வீடியோவை ஊரே வாய் பிளந்து பார்த்தது. அவள் மட்டும், "கொடியில கிளிப்பு மாட்டின துணியாட்டம், இடுப்புல ரெண்டு பக்கமும் சட்டை தூக்கிக்கிட்டு நிக்குதே" என்று சொல்லித் தொலைத்தாள்.

சாயங்காலத்துக்குள் அவனுடைய ஆட்கள் அவளை அவன் தாவிய அதே மொட்டைமாடி விளிம்புக்கு இழுத்து வந்துவிட்டார்கள். கீழே நான்கு மாடிப் பள்ளம். சுற்றிலும் செல்போன்களோடு கூட்டம்.

"என்னையா பொய்யன்னே? இப்ப நீ தாண்டு. இல்லேன்னா தள்ளிவிடுவோம்!" என்றான் பிரேம்நாத்.

பூங்காவனம் விளிம்பிலிருந்து ஓரடி பின்வாங்கினாள். "தாண்டறேன் தம்பி. அந்த ராசியான சட்டையை மட்டும் குடுங்க, புடவை மேல போட்டுக்கறேன்."

'ராசி' என்ற சொல்லில் மயங்கியவன், போட்டிருந்த, வீடியோவில் வந்த அதே சிவப்புச் சட்டையைக் கழற்றி வீசினான்.

அவள் அதை வெயிலுக்கு எதிரே விரித்தாள். இடுப்புக்கு இருபுறமும், பொத்தான் துளைபோல ஓரம் தைத்துக் காஜா எடுத்த இரண்டு ஓட்டைகளில் வெளிச்சம் பாய்ந்தது.

"வீடியோவுல உங்களைத் தூக்கிப் பிடிச்ச கம்பியை அழிச்சுட்டீங்க தம்பி. கம்பி நுழைஞ்ச காஜாவுக்கு இஸ்திரி போட்டவ நான்."

செல்போன்கள் அத்தனையும் அவன் பக்கம் திரும்பின. "இப்ப நீ தாண்டுப்பா!" என்றது ஒரு குரல்.

பிரேம்நாத் முதல்முறையாகக் கீழே எட்டிப் பார்த்தான்.