அரளி வேலி

மடத்தைச் சுற்றி அரளி நட்டவர் சிற்றம்பலம். தபால் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தன்னைவிட வயதில் இளைய குருவிடம் சீடராக வந்து சேர்ந்தவர். அந்தக் கரட்டு மண்ணில் வேறெந்தச் செடியும் பிழைக்கவில்லை. அரளி மட்டும் கொத்துக் கொத்தாகப் பூத்தது.

ஒரு கோடையில், குருபூஜை வருகிறதென்று வேலியை வெட்டிச் சீராக்கினார். வெட்டிய கிளைகளை வெளியே மேய்ச்சல் தரையில் வீசினார். அங்கே புல் எப்போதோ கருகியிருந்தது. வாடிக் கிடந்த அரளி இலைகளை ஊர்க்காரி வெள்ளத்தாயின் ஒரே பசு தின்றுவிட்டது. நிறைசினைப் பசு.

மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டார். பசுவின் வாயில் ஒட்டியிருந்த இலையை எடுத்துப் பார்த்தார். அப்புறம் அவர் பெட்டியைத் திறக்கவில்லை.

“கன்னுக்குட்டியையாவது எடுத்துக் குடுங்க, ஐயா” என்றாள் வெள்ளத்தாய்.

அவர் பதில் சொல்வதற்குள் பசுவின் கால்கள் விறைத்துவிட்டன.

சிற்றம்பலம் குருவின் முன் வந்து நின்றார்.

“ஆடுமாடு தொடாது என்றார்கள், சுவாமி. அதனால்தான் நட்டேன்.”

“ஏன் தொடாது என்று கேட்டீர்களா?”

“கேட்கவில்லை.”

குரு எழுந்துபோய்க் கடப்பாரையை எடுத்துவந்தார். இருவரும் சேர்ந்து அரளியை வேரோடு பெயர்த்தார்கள்.

“கொளுத்திவிடலாமா, சுவாமி?”

“புகையும் விஷம்.”

“குட்டையில் போட்டுவிடவா?”

“ஆடுகளுக்கு அந்தத் தண்ணீர்தான்.”

குழி தோண்டினார்கள். தரை பாறையாக இருந்தது. சிற்றம்பலத்தின் உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. போதும் என்று குரு சொல்லவில்லை.

மறுநாள் காலையில் சிற்றம்பலம் வெள்ளத்தாய் வீட்டுக்குப் போய், வாசலிலேயே அவள் காலில் விழுந்தார். அவள் பதறிப்போய் விலகினாள்.

“ஐயையோ, எந்திரிங்க சாமி! வேணும்னா செஞ்சீங்க? எனக்கு உங்க மேல ஒரு வருத்தமும் இல்ல.”

நிஜமாகவே அவள் முகத்தில் கோபம் இல்லை. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வெறும் தொழுவத்தைப் பெருக்கப் போனாள்.

அவர் மடத்துக்குத் திரும்பினார்.

“மனசார மன்னித்துவிட்டாள், சுவாமி. ஆனாலும் நெஞ்சில் பாரம் இறங்க மாட்டேனென்கிறதே?”



“மன்னித்தது வெள்ளத்தாய்” என்றார் குரு. “செத்தது பசு.”