தணிகாசலம் மகளை அழைக்கப் போன கதை

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்கிறோமே, அந்த வாயாலேயே பெற்ற பிள்ளையைப் பகைத்துக்கொண்ட ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பொறுமையாகக் கேளுங்கள், கடைசியில் உங்களைத்தான் கேட்கப்போகிறேன்.

பட்டிமன்றப் பேச்சாளர் தணிகாசலம் எந்த அணியில் உட்கார்ந்தாலும் ஜெயிப்பார். ஒருநாள் மகள் தமிழ்க்கொடி, மாமியாரோடு வந்த மனக்கசப்பைத் தொலைபேசியில் அழுதுகொண்டே சொன்னாள். மனிதர் அதைப் போய் மறுவாரமே மேடையில் நகைச்சுவையாக்கிவிட்டார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. செய்தி மாமியார் காதுக்கும் போனது. அப்புறம் அந்தப் பெண் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். அதோடு பிறந்த வீட்டுப் பக்கமே வரவில்லை.

இப்போது அவளுக்கு ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவத்துக்கும் வரமாட்டேன் என்றுவிட்டாள். பெற்றவளுக்குச் சோறு இறங்குமா? "ஊரையெல்லாம் பேசி மயக்குறீங்களே, என் பொண்ணைக் கூட்டிட்டு வாங்க" என்று கணவரை அனுப்பினாள்.

போனார். முதலில் சிரிக்கவைக்கப் பார்த்தார். சபை இறுக்கமாக இருந்தால் இதைத்தானே செய்வீர்கள் என்றாள் மகள். அவளைத் தோளில் தூக்கித் தேர் காட்டிய கதையை எடுத்தார். கரையவைக்க ஒரு கதை, அடுத்து குரலைத் தாழ்த்துவீர்கள் என்றாள். பாவம், குரல் ஏற்கெனவே தாழ்ந்துதான் இருந்தது. வாயை மூடிக்கொண்டார். நிறுத்தி நிதானித்தால் அடுத்த வரிக்குக் கைதட்டு விழும், அதுவும் தெரியும் என்றாள். முன்வரிசையில் உட்கார்ந்து வளர்ந்த பெண்ணாயிற்றே, சும்மாவா?

கடைசியில், "நீ பேசும்மா, நான் கேக்குறேன்" என்றார்.

"எதிரணியை முழுசாப் பேசவிட்டு, கடைசியா எந்திரிச்சு எல்லாத்தையும் உடைப்பீங்களே, அதுதானேப்பா இது?" என்று கேட்டாள். ஆனாலும் பேசினாள். அடக்கிவைத்ததையெல்லாம் கொட்டி அழுதாள். அழுது ஓய்ந்து, "ம், இப்ப உங்க முறை" என்றாள்.

"எனக்குச் சொல்ல ஒண்ணுமில்லம்மா. நீ சொன்னது அத்தனையும் சரி."

அவள் எழுந்துபோய்ப் பெட்டியில் துணி அடுக்கத் தொடங்கினாள்.

இப்போது சொல்லுங்கள். அவர் கேட்டுக்கொண்டிருந்தது வித்தையா, உண்மையா? எல்லா வித்தையும் அறிந்த மகள் எதைக் கண்டு நம்பினாள்?

விடை: எதிரணியைப் பேசவிடுவதும் வித்தைதான், சந்தேகமே இல்லை. ஆனால் அது பலிக்க வேண்டுமென்றால் கடைசியில் எழுந்து மறுத்துப் பேசியாக வேண்டும். மகளே அந்த முறையைக் கையில் கொடுத்தும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. ஜெயிக்கத் தெரிந்தவர், தெரிந்தே தோற்றார். தோற்பதற்கு அவரிடம் ஒரு வித்தையும் கிடையாது என்பது மகளுக்குத் தெரியும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளுடன் கிளம்பியவர் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள்தான் பேசிக்கொண்டே வந்தாள்.